துப்பாக்கி இல்லாத விமானம்தான் ஊரைப் பிடிக்கிறது!

(விளையாட்டு – இயற்பியல் – வரலாறு)



கம்ப்யூட்டரில் விமானச் சண்டை விளையாடும் நம்ம பசங்களிடம் "உனக்கு எந்த விமானம் வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தன் ஸ்பிட்ஃபயர் என்பான், இன்னொருத்தன் மஸ்டாங் என்பான், மூணாவது ஆள் சுகோய் என்பான். "எனக்கு டகோட்டா கொடுடா" என்று கேட்கிற ஆள் நூற்றில் ஒருவன்கூட இருக்கமாட்டான். அதில் துப்பாக்கி கிடையாது. வேகம் கிடையாது. குட்டிக்கரணம் போட முடியாது. ஆனால் பல பேர் ஒரே நேரத்தில் இன்டர்நெட்டில் சேர்ந்து ஆடும் போர் விளையாட்டுகளில் கடைசியில் வெற்றியை முடித்து வைப்பது அந்த டகோட்டாதான். நிஜப் போரிலும் அப்படி நடந்திருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே. அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

1. விளையாட்டில் நடப்பது என்ன?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹைடெக் கிரியேஷன்ஸ் என்ற நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் 'ஏசஸ் ஹை' என்ற விளையாட்டை வெளியிட்டது. இரண்டாம் உலகப்போர்க் கால விமானங்களை நூற்றுக்கணக்கானோர் ஒரே வானத்தில் ஓட்டும் சிமுலேட்டர் அது. சிமுலேட்டர் என்றால் சும்மா பட்டனை அழுத்தி ஓட்டும் பொம்மை விளையாட்டு அல்ல. எடை, வேகம், காற்றின் எதிர்ப்பு எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, நிஜ விமானம் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ளச் செய்வது.

அதில் எதிரியின் விமானத் தளத்தைப் பிடிக்க ஒரு விதி வைத்தார்கள். நீங்கள் 50 விமானங்களைச் சுட்டாலும் தளம் உங்களுடையது ஆகாது. குண்டு போட்டுக் கட்டடங்களை எல்லாம் தரைமட்டமாக்கினாலும் ஆகாது. 10 படைவீரர்கள் தரையில் இறங்கி, வரைபட அறை என்ற சின்னக் கட்டடத்துக்குள் ஓடி நுழைய வேண்டும். அந்த 10 பேரைக் கொண்டு வரும் விமானம் சி-47, அதாவது டகோட்டா. பத்தில் ஒருத்தர் வழியில் சுடப்பட்டாலும் அந்த நடை மட்டும் போதாது. 

யோசித்துப் பாருங்கள். மற்றவர்களுக்கு எல்லாம் மார்க் போடுவது எத்தனை பேரைச் சுட்டாய் என்பதை வைத்து. போக்குவரத்து விமானிக்கு மட்டும், எத்தனை பேரை உயிரோடு சரியான இடத்தில் இறக்கினாய் என்பதை வைத்து. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பறக்கும் முறை முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

2. டகோட்டா – வானத்து லாரி

டகோட்டாவின் மூல வடிவமான டி.சி-3 பயணிகள் விமானம் முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17 அன்று. ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்த அதே தேதி! போர் வந்ததும் அதையே ராணுவத்துக்காக மாற்றி சி-47 என்று பெயர் வைத்தார்கள். 10,000-க்கும் மேல் செய்தார்கள். தலா 1200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்கள். இறக்கையின் முனைக்கு முனை 29 மீட்டர். 28 வீரர்கள் வரை உட்காரலாம். சாதாரணமாகப் பறக்கும் வேகம் மணிக்கு சுமார் 260 கி.மீ. அன்றைய சண்டை விமானங்கள் 600 கி.மீ. வேகத்தைத் தொட்டவை. துரத்தினால் தப்பிக்கவே முடியாது.

இப்போது இயற்பியலுக்கு வருவோம். விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இறக்கை தரும் ஏற்றுவிசை. அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஏற்றுவிசை கால்வாசி ஆகிவிடும். ஒரு அளவுக்குக் கீழே வேகம் போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது, பொத்தென்று கீழே சரியும். விமானிகள் இதை 'ஸ்டால்' என்பார்கள்.

நம் அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகளைத் தினமும் பார்க்கிறோமே. காலி லாரி போகிற போக்கு வேறு, லோடு லாரி போகிற போக்கு வேறு. டகோட்டாவும் அப்படித்தான். காலியாக இருந்தால் சுமார் 8 டன், போர்க்கால முழுச் சுமையோடு சுமார் 14 டன். எடை 14/8 = 1.75 மடங்கு ஆகிறது. ஏற்றுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 1.75-இன் வர்க்கமூலம் எடுக்க வேண்டும், அது சுமார் 1.32. அதாவது காலி விமானம் 100 கி.மீ. வேகத்தில் 'ஸ்டால்' ஆகும் என்று வைத்துக்கொண்டால், லோடு விமானம் 132 கி.மீ. வேகத்திலேயே ஆகிவிடும். சண்டை விமானம் ஓட்டிப் பழகிய பையன் டகோட்டாவில் ஏறி, திடீரென்று சாய்த்துத் திருப்பி, மரத்தில் மோதுவது இதனால்தான்.

3. ஸ்ரீநகர், 1947 அக்டோபர் 27

இனி நிஜக் கதை. நாடு சுதந்திரம் அடைந்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. ஆயுதம் தாங்கிய படையெடுப்பாளர்கள் காஷ்மீருக்குள் நுழைந்து பாரமுல்லா வரை வந்துவிட்டார்கள். அங்கிருந்து ஸ்ரீநகர் சில மணி நேரப் பயணம். அக்டோபர் 26 அன்று காஷ்மீர் மன்னர் இந்தியாவுடன் இணையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மலைப்பாதை வழியே லாரியில் படையை அனுப்பினால் காலம் கடந்துவிடும். ஆகாயம் ஒன்றே வழி.

27-ஆம் தேதி அதிகாலை டெல்லியிலிருந்து டகோட்டாக்கள் கிளம்பின. உள்ளே சீக்கியப் படைப்பிரிவின் முதலாவது பட்டாலியன் வீரர்கள். தலைமை லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய். விமானப்படையின் 12-ஆம் அணி விமானங்களோடு, தனியார் விமான கம்பெனிகளின் டகோட்டாக்களும் சேர்ந்துகொண்டன. முந்தின நாள் வரை டிக்கெட் வாங்கிய பயணிகளை ஏற்றிய விமானங்கள் அவை!

ஸ்ரீநகரில் அப்போது இருந்தது கான்கிரீட் ஓடுபாதை இல்லை. சுமார் 1650 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு மண் தளம். வழிகாட்டும் ரேடியோ கருவிகள் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், தளம் இன்னும் நம் கையில்தான் இருக்கிறதா என்றே டெல்லியில் உறுதியாகத் தெரியாது. அதனால் உத்தரவு இப்படி இருந்தது: மேலே வட்டமிட்டுப் பார், எதிரி வந்துவிட்டதாகத் தெரிந்தால் இறங்காதே, ஜம்முவுக்குப் போய் இறங்கு.

வட்டமிட்டார்கள், பார்த்தார்கள், இறங்கினார்கள். தளம் காப்பாற்றப்பட்டது. ரஞ்சித் ராய் தன் வீரர்களோடு பாரமுல்லா திசையில் எதிரியை எதிர்கொள்ளப் போய், அந்தச் சண்டையில் உயிர்நீத்தார். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. இன்றும் ஆண்டுதோறும் அக்டோபர் 27-ஐ நம் ராணுவம் காலாட்படை தினமாகக் கொண்டாடுகிறது.

இன்னொரு பெயரையும் சொல்லியே ஆக வேண்டும். மேஜர் சோம்நாத் சர்மா. குமாவுன் படைப்பிரிவின் நாலாவது பட்டாலியன். இடது கையில் மாவுக்கட்டு போட்ட நிலையிலேயே விமானத்தில் ஏறி ஸ்ரீநகர் வந்தார். நவம்பர் 3 அன்று, விமான தளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பட்காம் என்ற ஊரில், தன் சிறு படையோடு பல மடங்கு பெரிய கூட்டத்தைத் தடுத்து நின்று உயிர் கொடுத்தார். நாட்டின் முதல் பரம்வீர் சக்கரம் அவருக்குத்தான். அவர் காத்தது என்ன? அந்த ஓடுபாதையை. அது போயிருந்தால் அடுத்த டகோட்டா இறங்க இடமில்லை. விளையாட்டில் எல்லாரும் ஏன் தளத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கு நிஜமான விடை பட்காமில் இருக்கிறது.

4. லே – மெல்லிய காற்றில் ஒரு சாகசம்

1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங், லடாக்கின் லே நகரில் டகோட்டாவை இறக்கினார். கூடவே மேஜர் ஜெனரல் திம்மையாவும் பயணம் செய்தார். பொறியாளர் சோனம் நோர்பு உள்ளூர் மக்களை வைத்துச் சமன் செய்த தற்காலிகத் தளம் அது. உயரம் சுமார் 3300 மீட்டர். வழியில் இமயமலையின் பெரிய சிகரங்கள். பயணிகள் அறைக்குக் காற்றழுத்த வசதி இல்லாத விமானம்!

ஏன் இது கஷ்டம்? 3300 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 72 விழுக்காடுதான். காற்று மெலிந்தால் ஏற்றுவிசை குறையும். அதை ஈடுகட்ட சுமார் 18 விழுக்காடு கூடுதல் வேகத்தில் இறங்க வேண்டும். வேகமாக இறங்கினால் நிற்க நீளமான ஓடுபாதை வேண்டும். எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். சிமுலேட்டரில் மலைத்தளத்தில் இறங்கும்போது "என்னடா, பிரேக் பிடிக்க மாட்டேங்குது" என்று நாம் கத்துகிறோமே, அதன் காரணம் பிரேக் அல்ல, காற்று.

5. குதிக்கும் கணக்கு

இறங்க ஓடுபாதை இல்லாத இடத்தில் பாராசூட்தான் வழி. இங்கேதான் கணக்கு சூடு பிடிக்கிறது. நோட்டை எடுங்கள்.

(அ) வரிசை நீளம். விமானம் மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் போகிறது. அதாவது வினாடிக்கு 50 மீட்டர். 20 பேர், ஒரு வினாடிக்கு ஒருவராகக் குதிக்கிறார்கள். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே 19 இடைவெளி. 19 × 50 = 950 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்! நம் விளையாட்டு விழாவின் 100 மீட்டர் ஓட்டப் பாதையை ஒன்பதரை தடவை வரிசையாக வைத்த தூரம். பயந்துபோன விமானி வேகத்தை 270 கி.மீ. ஆக்கினால்? வினாடிக்கு 75 மீட்டர். 19 × 75 = 1425 மீட்டர். ஒரே விமானத்தில் வந்தவர்கள் ஒருவரையொருவர் தேடி அலைய வேண்டியதுதான்.

(ஆ) காற்றுத் தள்ளல். பாராசூட் வினாடிக்கு சுமார் 5 மீட்டர் வீதம் இறங்குகிறது. 200 மீட்டர் உயரத்தில் குதித்தால் தரைக்கு வர 40 வினாடி. காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அடித்தால் 40 × 5 = 200 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிப் போவார். 600 மீட்டர் உயரத்தில் குதித்தால் 120 வினாடி, 600 மீட்டர் தள்ளல். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும் என்பார்கள், ஆள் பறக்கமாட்டாரா?

ஆக, தாழ்வாகப் பற, மெதுவாகப் பற, நேராகப் பற. இந்த மூன்றும்தான் வீரர்களுக்கு நல்லது. ஆனால் கீழிருந்து சுடுகிற எதிரிக்கும் இந்த மூன்றும்தான் வசதி! போக்குவரத்து விமானியின் சோதனை இங்கேதான். தன்னைக் காப்பாற்ற வேகம் கூட்டினால் வீரர்கள் சிதறுவார்கள். வீரர்களைக் காப்பாற்ற மெதுவாகப் போனால் தனக்கு ஆபத்து.

1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டியில் 13,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் இரவில் குதித்தபோது இந்தச் சோதனை நேரில் வந்தது. மேகக் கூட்டமும் தரையிலிருந்து வந்த குண்டுகளும் விமான வரிசையைக் கலைத்தன. சில விமானிகள் வேகத்தைக் கூட்டினார்கள், சிலர் உயரத்தை மாற்றினார்கள். பலர் குறித்த இடத்திலிருந்து பல கி.மீ. தள்ளி விழுந்தார்கள். பாராசூட் விரியும் அதிர்ச்சியில் உடம்பில் கட்டியிருந்த மூட்டைகள் அறுந்து போனதும் உண்டு.

6. டாங்கைல், 1971 டிசம்பர் 11

வங்கதேச விடுதலைப் போர். பாகிஸ்தான் படை ஒன்று மைமன்சிங் நகரிலிருந்து டாக்கா நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அது டாக்கா போய்ச் சேர்ந்தால் நகரின் காவல் பலமாகிவிடும். வழியில் லோஹாஜங் ஆற்றின் மேல் பூங்லி பாலம். அதைப் பிடித்தால் வழி அடைபடும்.

லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு தலைமையில் பாராசூட் படைப்பிரிவின் 2-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த சுமார் 700 பேர் அன்று மாலை டாங்கைல் அருகே குதித்தார்கள். ஏ.என்-12, பாக்கெட், காரிபு, டகோட்டா என்று சுமார் 50 விமானங்கள். பாலம் அன்றிரவே நம் கைக்கு வந்தது. ஐந்தே நாளில், டிசம்பர் 16 அன்று, டாக்காவுக்குள் முதலில் நுழைந்த இந்தியப் படையும் இதே பட்டாலியன்தான். 1947-இல் ஸ்ரீநகரில் இறங்கிய அதே ரக டகோட்டா, 24 வருடம் கழித்தும் வேலை செய்தது பார்த்தீர்களா?

உங்களுக்குத் தெரியுமா?
* ஸ்ரீநகருக்கு முதன்முதல் படை கொண்டுபோன டகோட்டாவின் எண் வி.பி.905. அதே எண்ணைப் பூசி, 'பரசுராமா' என்று பெயரிட்டு, புதுப்பிக்கப்பட்ட ஒரு பழைய டகோட்டா 2018-இல் நம் விமானப்படையில் சேர்க்கப்பட்டது.
* 1988 நவம்பர் 3 இரவில் ஆக்ராவிலிருந்து கிளம்பிய ஐ.எல்-76 விமானங்கள், எங்கும் நிற்காமல் 2000 கி.மீ.க்கு மேல் பறந்து, மாலத்தீவின் ஹுல்ஹுலே தீவில் வீரர்களை இறக்கின.
* 2004 டிசம்பர் 26 சுனாமியில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் சிக்கியது. மிச்சமிருந்த ஓடுபாதையில்தான் போக்குவரத்து விமானங்கள் உதவியோடு இறங்கின.

7. விளையாடுவோருக்கு ஆறு பாடங்கள்

ஸ்ரீநகரும் டாங்கைலும் சொல்வதை விளையாட்டுக்கு மாற்றினால் இப்படி வரும்:

1) நேர்வழியில் போகாதே. சண்டை நடக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு, மலை மறைவில், தாழ்வாகப் போ. பத்து நிமிடம் கூடுதலானாலும் பரவாயில்லை.
2) தனியாகப் போகாதே. துணைக்கு இரண்டு சண்டை விமானம் கேள். கேட்பதற்கு வெட்கப்படாதே.
3) சீக்கிரம் போகாதே. தளத்தின் பீரங்கிகள் அடங்கும்வரை பத்து கி.மீ. தள்ளி வட்டமிடு. ஸ்ரீநகர் உத்தரவை நினைத்துக்கொள்.
4) லேட்டாகவும் போகாதே. உடைந்த கட்டடங்கள் விளையாட்டில் கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்துவிடும்.
5) கதவைத் திறக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, இறக்கையைச் சமமாக வை. கடைசி ஆள் குதிக்கும்வரை கையை ஆட்டாதே.
6) இறக்கியதும் மேலே ஏறி வேடிக்கை பார்க்காதே. தாழ்வாகவே திரும்பிப் போய் அடுத்த லோடு ஏற்று.

சண்டை விமானம் ஓட்டும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டகோட்டாக்காரன் துணை கேட்டால், "இருடா, இன்னும் ஒருத்தனைச் சுட்டுட்டு வரேன்" என்று சொல்லாதீர்கள். அவன் வண்டியில் பத்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

8. சிமுலேட்டர் சொல்லித்தராத ஒன்று

எடை, வேகம், காற்று, கணக்கு எல்லாம் சிமுலேட்டர் சொல்லித்தரும். ஒன்றைச் சொல்லித்தராது. விளையாட்டில் டகோட்டா விழுந்தால் அடுத்த நிமிடம் புது டகோட்டா, புது பத்து பேர். அவர்களுக்குப் பெயர் கிடையாது, வீடு கிடையாது.

2016 ஜூலை 22 காலை சென்னை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு ஒரு ஏ.என்-32 போக்குவரத்து விமானம் கிளம்பியது. போர் எதுவும் இல்லை, வழக்கமான பயணம்தான். 29 பேர். வங்கக் கடலின் மேலே காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் பல வாரம் தேடியும் கிடைக்கவில்லை. ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில்தான், சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்கள் மூலம், 3400 மீட்டர் ஆழத்தில் உடைந்த பாகங்கள் கிடப்பது தெரிந்தது. அத்தனை வருடம் 29 வீடுகளில் ஒரு செய்திக்காகக் காத்திருந்தார்கள்.

போக்குவரத்து விமானியின் முதுகுக்குப் பின்னால் எப்போதும் இருப்பது இதுதான். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் அவர்கள் இருப்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் சாகசம் காட்டமாட்டார், வட்டமிட்டுப் பார்ப்பார், பொறுமையாக இறங்குவார். சுட்டவர்களின் எண்ணிக்கை அவர் கணக்கில் பூஜ்யமாகவே இருக்கும். வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கைதான் அவருடைய மார்க்.

நம் பள்ளியிலிருந்து நாளை யாராவது விமானப்படைக்குத் தேர்வு எழுதலாம். எழுதும்போது சண்டை விமானம் மட்டுமே விமானம் என்று நினைக்காதீர்கள். லோடு விமானம் ஓட்டவும் நெஞ்சுரம் வேண்டும், கணக்கும் வேண்டும்.

சிந்திக்க, செய்து பார்க்க

1. 150 மீட்டர் உயரத்தில் குதித்த வீரர் வினாடிக்கு 5 மீட்டர் வீதம் இறங்குகிறார். காற்றின் வேகம் வினாடிக்கு 8 மீட்டர். எவ்வளவு தூரம் தள்ளிப் போவார்?
2. வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகும் விமானத்திலிருந்து 15 பேர் ஒரு வினாடி இடைவெளியில் குதிக்கிறார்கள். வரிசை நீளம் என்ன? (15-ஆல் பெருக்கிவிடாதீர்கள், ஜாக்கிரதை!)
3. பிளாஸ்டிக் பை, நூல், சின்னக் கல் கொண்டு பாராசூட் செய்து மாடியிலிருந்து ஆசிரியர் முன்னிலையில் விடுங்கள். பையின் நடுவே சிறு ஓட்டை போட்டால் ஆட்டம் குறைகிறதா? ஏன்?

விடைகளைத் தாளில் எழுதி, பெயர், வகுப்புடன் அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள். சரியாக எழுதியவர்களின் பெயர்கள் அடுத்த இதழில் வரும்.

– அறிவியல் மன்றத்துக்காக, 11-ஆம் வகுப்பு மாணவன்